சாம்பிராணி தந்த பெயர்

பெரியோர்களே, தாய்மார்களே, தறிக்குழியிலிருந்து எழுந்து நேராக இந்த மன்றத்துக்கு வந்திருக்கும் நெசவாளர்களே, பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே!

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல். பென்சாயில். மாணவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். பென்சாயில் குளோரைடு என்று எழுதியிருப்பார்கள், ஷாட்டன் பாமன் வினை என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். மற்றவர்களுக்கு இது ஏதோ மருந்துக்கடைப் பெயர்போலக் கேட்கும். ஆனால் இந்தச் சொல்லின் மூலப்பொருள் இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டப்பாவில் இருக்கிறது. எந்த டப்பாவில்? கொஞ்சம் பொறுங்கள், புகையிலிருந்தே தொடங்குவோம்.

வெள்ளிக்கிழமை மாலை. வாலாஜாபாத்திலோ, பக்கத்து ஐயம்பேட்டையிலோ, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலோ ஒரு நெசவாளர் வீடு. காலையிலிருந்து ஓடிய நாடா நின்றிருக்கிறது. கொட்டாங்குச்சித் தணலைத் தூபக்காலில் அள்ளி வைத்து, வீட்டம்மா ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூளைத் தூவுகிறார். தூள் முதலில் உருகுகிறது, ஓரம் கறுக்கிறது, சின்னதாகக் கொதிக்கிறது. அடுத்த நொடி வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழுகிறது. சாமி படத்துக்கு ஒரு சுற்று. தறிக்கு ஒரு சுற்று. தலைக்குக் குளித்த மகளின் ஈரக் கூந்தலுக்கு ஒரு சுற்று.

அந்த வெண்புகையில் என்ன இருக்கிறது? கரியும் நீராவியும் மட்டுமா? இல்லை. சாம்பிராணி மரத்தின் பிசினுக்குள் பென்சாயிக் அமிலம் என்ற கரிம அமிலம் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவான சின்னமிக் அமிலமும், வெனிலா மணம் தருகிற வனிலினும் கூட இருக்கின்றன. பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருகும். ஆனால் அதற்கு முன்பே, கற்பூரத்தைப்போல, திண்மத்திலிருந்து நேரே ஆவியாகக் கிளம்பத் தொடங்கிவிடும். குளிர்ந்த இடத்தில் பட்டால் மறுபடியும் திண்மமாகி மெல்லிய ஊசிகளாகப் படியும். தூபக்காலுக்கு மேலே ஒரு குளிர்ந்த பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால், அந்த வெள்ளைப் படிவைக் கண்ணால் பார்க்கலாம்.

கடையில் சாம்பிராணி என்ற பெயரில் குங்கிலியமும் வேறு பிசினும் கலந்து வருவதுண்டு. இங்கே சொல்வது அசல் சாம்பிராணியை, ஸ்டைராக்ஸ் இன மரத்தின் பிசினை. அந்த மரம் தொண்டை மண்டலத்தில் வளர்வதில்லை. சுமத்ராவின் மலைகளில் வளர்கிறது; லாவோஸ், வியட்நாம் பக்கம் அதன் இன்னொரு இனம் வளர்கிறது. ஏழெட்டு வயதான மரத்தின் பட்டையில் கத்தியால் கீறிவிடுவார்கள். பால்போல ஒரு திரவம் கசியும். மாதக்கணக்கில் அங்கேயே உறைந்து கெட்டியாகும். அதைச் சுரண்டி எடுத்துத் தரம் பிரிப்பார்கள். வடசுமத்ராவின் பாத்தாக் மக்கள் இன்றைக்கும் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள்.

சுமத்ராவில் கசிந்த பால், பாலாற்றங்கரையில் புகையாவது எப்படி? கப்பலில் வந்தது. யார் கப்பலில்? நம்மவர் கப்பலிலும் வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பரூஸ் என்று ஒரு துறைமுகம். அதையொட்டிய லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அந்தத் துறையில் கூடி, வரும் கப்பல்கள் பொன் செலுத்த வேண்டிய முறையை வகுத்ததை அந்தக் கல் சொல்கிறது. கடல் கடந்த ஊரில், தமிழில், தமிழ் வணிகர் வைத்த சட்டம்! அந்தக் கல்லில் சாம்பிராணியின் பெயர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பரூஸ் உலகெங்கும் பெயர் பெற்றது இரண்டு பொருள்களுக்காக. ஒன்று கற்பூரம், மற்றொன்று சாம்பிராணி. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளைச் சொல்லும்போது வாரோசு என்று ஒரு வகையைச் சேர்க்கிறார். பரூஸ்தான் அந்த வாரோசு.

காஞ்சிக்கும் அந்தக் கடலுக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் அந்தக் குளம் விடப்பட்டது. அவனிநாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நம் ஊர் அரசன் பெயரில் அக்கரையில் ஒரு குளம். அந்தக் கரைகளிலிருந்து வந்த பிசின் நம் ஊர்க் கோயிலில் தூபம்.

இப்போது பெயருக்கு வருவோம். அரபு வணிகர்கள் இந்தப் பிசினை லுபான் ஜாவி என்றார்கள். லுபான் என்றால் நறும்பிசின். ஜாவி என்றால் ஜாவா நாட்டது. சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே சொன்னார்கள். 14ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன பயணி இப்னு பதூதா இந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். தர்காக்களில் இன்றும் லோபான் என்று சொல்கிறோமே, அதே சொல்தான். இந்த லுபான் ஜாவி ஐரோப்பாவுக்குப் போனபோது, முன்னால் இருந்த 'லு' என்ற ஒலியைத் தங்கள் மொழியின் சுட்டுச்சொல் என்று நினைத்து உதறிவிட்டார்கள். மிச்சம் பன்ஜாவி. அது பென்ஜுய் ஆனது, பென்சோய் ஆனது, பென்சாயின் ஆனது. பிசினிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி 1833இல் மிட்செர்லிக் என்ற ஜெர்மானியர் ஒரு திரவத்தை வடித்தார். 1825இல் பாரடே விளக்கு வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து பிரித்த அதே திரவம். மிட்செர்லிக் அதற்குப் பென்சின் என்று பெயர் வைத்தார். அதுதான் இன்று பென்சீன். பென்சீன் வளையம் இல்லாமல் கரிம வேதியியல் உண்டா? சாயம் உண்டா, மருந்து உண்டா, பிளாஸ்டிக் உண்டா? அத்தனைக்கும் பெயர் கொடுத்தது தூபக்காலில் விழுகிற அந்தச் சிட்டிகைத் தூள்.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் பென்சால்டிஹைடுக்கு நேரே என்ன எழுதுகிறீர்கள்? கசப்பு வாதுமை மணம் என்று எழுதுகிறீர்கள். உங்களில் எத்தனை பேர் கசப்பு வாதுமையைப் பார்த்திருக்கிறீர்கள்? அது இங்கே கிடைப்பதே அரிது. முகராத மணத்தை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அன்றாடம் முகர்கிற சாம்பிராணிதான் அந்தப் பாடத்தின் வேர் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இது வருத்தமான விஷயம். பென்சீன் பாடத்தின் முதல் வரியில் சாம்பிராணி என்ற சொல் இருந்தால், ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் அந்தப் பாடத்தைப் பயமில்லாமல் திறப்பாள். அந்த ஆசையில்தான் இந்தப் பேச்சு.

கசப்பு வாதுமையைச் சொன்னோம். நம் கதையின் நடு மேடைக்கு அதுவேதான் இழுத்துச் செல்கிறது. ஆண்டு 1832. இடம் ஜெர்மனியின் கீசன் நகரம். இரண்டு நண்பர்கள். ஒருவர் யூஸ்டஸ் லீபிக், வயது 29. மற்றவர் பிரீட்ரிக் வோலர். இந்த இரண்டாமவரை மாணவர்களுக்குத் தெரியும். 1828இல், உயிர் உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று நம்பப்பட்ட யூரியாவைக் கண்ணாடிக் குடுவையில் ஆக்கிக் காட்டியவர்.

இவர்கள் நட்பே ஒரு கருத்து மோதலில் தொடங்கியது. ஒருவர் ஆய்ந்த வெள்ளிச் சேர்மம் பட்டென்று வெடிக்கும். மற்றவர் ஆய்ந்தது சாதுவாகக் கிடக்கும். இரண்டுக்கும் உள்ளிருக்கும் தனிமங்களும் அளவும் ஒன்றே. யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் நினைத்தார்கள். யாருமே தவறு செய்யவில்லை. ஒரே அணுக்கள் வேறு வேறு விதமாக அடுக்கப்படலாம் என்ற புதிய உண்மை அங்கே பிறந்தது. வாதாடியவர்கள் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

1832 ஜூன் மாதம் வோலரின் மனைவி பிரான்சிஸ்கா இறந்துபோனார். மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காசல் நகரில் தனித்துத் துவண்டு கிடந்த நண்பனை லீபிக் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டார். ஆறுதலுக்கு அவர் தேர்ந்துகொண்ட வழி வேலை. கசப்பு வாதுமை எண்ணெயை நாம் இருவரும் சேர்ந்து ஆராய்வோம் என்று ஒரு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சில வாரங்கள்தான். துக்கத்தில் இருந்த ஒரு மனிதனை ஒரு நண்பன் தாங்கிப் பிடித்த அந்தச் சில வாரங்களில் வேதியியலின் போக்கே மாறியது.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். லீபிக் முந்தின ஆண்டு, 1831இல், ஒரு கருவியைச் செய்திருந்தார். ஐந்து கண்ணாடிக் குமிழ்களை முக்கோணமாக ஊதிச் சேர்த்தது. குமிழ்களுக்குள் பொட்டாஷ் காரக் கரைசல். ஆராய வேண்டிய பொருளைக் காப்பர் ஆக்சைடோடு எரித்தால் அதிலுள்ள கார்பன் முழுவதும் கரியமில வாயுவாக வெளியே வரும். அந்த வாயு குமிழ் குமிழாகக் கரைசலுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடும். எரிக்கும் முன் கருவியை நிறுத்துக்கொள்ள வேண்டும். எரித்த பின் மறுபடி நிறுக்க வேண்டும். ஏறிய எடையிலிருந்து கார்பன் எவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். பட்டுச் சேலைக்கு ஜரிகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நிறுத்துப் பார்க்கிற கண்களுக்கு இந்தத் தராசு வேலை புதிதாக இராது.

கசப்பு வாதுமை எண்ணெயில் கலந்திருந்த சயனைடு விஷத்தை முதலில் நீக்கினார்கள். தூய எண்ணெயைத் திறந்து வைத்தார்கள். காற்றுப் பட்டதும் அது மெல்ல வெள்ளைப் படிகமாக மாறியது. எடுத்துப் பார்த்தால் என்ன? பென்சாயிக் அமிலம்! சாம்பிராணிப் புகையில் வருகிற அதே அமிலம். வாதுமைக் கொட்டை எங்கே, சுமத்ராவின் பிசின் எங்கே?

அடுத்து அந்த எண்ணெயில் குளோரின் வாயுவைச் செலுத்தினார்கள். கண்ணைக் கரிக்கிற ஒரு திரவம் வந்தது. அதுதான் பென்சாயில் குளோரைடு. அதைத் தண்ணீரோடு சேர்த்தால் மறுபடி பென்சாயிக் அமிலம். அம்மோனியாவோடு சேர்த்தால் பென்சமைடு. அயோடைடோடு சேர்த்தால் ஒன்று, சயனைடோடு சேர்த்தால் ஒன்று, சல்பைடோடு சேர்த்தால் இன்னொன்று. ஒவ்வொன்றையும் எரித்தார்கள், நிறுத்தார்கள், கணக்குப் போட்டார்கள்.

கணக்கு என்ன சொன்னது? எண்ணெயில் 7 கார்பன், 5 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், கூட ஒரு ஹைட்ரஜன். அமிலத்தில் 7 கார்பன், 5 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், கூட ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். குளோரைடில் அதே 7, 5, 1, கூட ஒரு குளோரின். பென்சமைடில் அதே 7, 5, 1, கூட ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும். அன்றைய அணு எடைக் கணக்கில் அவர்கள் இதை 14, 10, 2 என்று இரட்டிப்பாக எழுதினார்கள், விகிதம் ஒன்றே. ஒட்டிக்கொண்டது மாறியது, உள்ளே இருந்தது மாறவில்லை. திரவம் படிகமானது, மணம் போனது, எரிச்சல் வந்தது, எரிச்சல் தீர்ந்தது. அந்த ஏழும் ஐந்தும் ஒன்றும் கலையவே இல்லை.

மாறாத அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் பென்சாயில். பிசினின் பெயரோடு, கிரேக்கத்தில் மரம் என்றும் மூலப்பொருள் என்றும் பொருள்படும் ஹைலே என்ற சொல்லைச் சேர்த்தார்கள். மெத்தில், எத்தில், அசிட்டைல் என்று இன்று நீங்கள் படிக்கிற அத்தனை 'இல்' விகுதிக்கும் முதல் பிள்ளை பென்சாயில்தான். அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே பென்சாயிக் அமிலத்தின் ராடிக்கல் பற்றிய ஆய்வுகள் என்பது.

ராடிக்கல் என்றால் என்ன? லத்தீனில் ராடிக்ஸ் என்பது வேர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு மொழிக்குப் போக வேண்டியதே இல்லை. நன்னூல் பகுபதத்தைப் பிரித்துக் காட்டுகிறதே, பகுதி, விகுதி என்று! செய்தான், செய்தாள், செயல், செய்கை, செய்யுள். இந்த ஐந்திலும் மாறாமல் நிற்பது எது? செய். அது பகுதி. ஆணா, பெண்ணா, தொழிலா, பாட்டா என்று காட்டுவது பின்னால் ஒட்டுகிறது. பென்சாயில் ஒரு பகுதி. ஹைட்ரஜன் அதற்கு ஒரு விகுதி, குளோரின் ஒரு விகுதி, அமினோ ஒரு விகுதி. லீபிக்கும் வோலரும் 1832இல் செய்தது, சொற்களுக்கு நம் இலக்கணக்காரர்கள் செய்ததைப் பொருள்களுக்குச் செய்தது.

நெசவாளர்களுக்கு இன்னொரு வழியில் சொல்லலாம். கோர்வைச் சேலையில் உடல் தனி, கரை தனி. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை போட்டால் ஒரு சேலை. அதே அரக்கு உடலுக்கு மஞ்சள் கரை போட்டால் வேறு சேலை. பென்சாயில் உடல், மற்றது கரை. ஒரு வேறுபாடு உண்டு. உங்கள் கோர்வையில் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது காஞ்சிப் பட்டின் பெருமை. பென்சாயில் குளோரைடில் கரை சுலபமாகக் கழன்றுவிடும். அப்படிக் கழல்வதே அதன் பயன். குளோரினை உதறிவிட்டு, தேடி வந்த வேறொன்றோடு பென்சாயில் ஒட்டிக்கொள்ளும். ஷாட்டன் பாமன் வினை என்று நீங்கள் படிப்பது இந்தக் கரை மாற்றும் வேலையைத்தான்.

பட்டு என்ற சொல் அந்தக் கீசன் மேசைக்கும் வந்தது என்று சொன்னால் வியப்பீர்கள். பென்சமைடைக் கொதிநீரில் கரைத்து ஆற விட்டபோது, குடுவை முழுதும் பட்டிழைபோல மினுமினுக்கும் வெண்ணிற ஊசிகள் விழுந்தன. அவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். நேரம் போகப் போகச் சில இடங்களில் பள்ளம் விழுந்து, அங்கே நல்ல கட்டியான சாய்சதுரப் படிகங்கள் முளைத்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு ஊசிகள் மறைந்து கட்டிப் படிகங்களே மிஞ்சின. பொருள் ஒன்று, படிக உருவம் இரண்டு. கரிமப் பொருளில் இந்த இரட்டை உருவத்தைக் கண்டு எழுதிய முதல் குறிப்பு அதுதான். இன்று ஒரு மாத்திரை எந்தப் படிக உருவில் இருக்கிறது என்று மருந்துத் தொழிற்சாலைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கின்றன. அந்தக் கவனத்தின் முதல் பக்கம் பென்சமைடின் பட்டு ஊசிகளில் இருக்கிறது.

ஸ்வீடனில் இருந்த வேதியியல் பெரியவர் பெர்சீலியஸ் இந்தக் கட்டுரையைப் படித்து மகிழ்ந்துபோனார். தாவரப் பொருள்களின் வேதியியலில் புது நாள் விடிந்துவிட்டது என்று கருதி, இந்த ராடிக்கலுக்கு விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து புரோயின் அல்லது ஆர்த்ரின் என்று பெயர் வைக்கலாம் என்று எழுதினார். நல்லவேளை, அந்தப் பெயர் நிற்கவில்லை. நின்றிருந்தால் சாம்பிராணியின் தடம் அங்கேயே அழிந்திருக்கும்.

பிறகு பெர்சீலியஸே மனம் மாறினார். ஆக்சிஜனைத் தனக்குள் வைத்திருக்கும் ஒன்று ராடிக்கலாக இருக்க முடியாது என்றார். பாரிசில் தூமா என்ற வேதியியலாளர், ராடிக்கலுக்குள்ளேயே ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை வைக்க முடியும் என்று காட்டினார். அப்படியானால் பகுதியும் மாறக்கூடியதுதான்! நம் இலக்கணத்திலும் அது உண்டே. வா என்ற பகுதி வந்தான் என்னும்போது குறுகவில்லையா? பகுதி குறுகினாலும் பகுதி பகுதிதான். அதுபோல, ராடிக்கல் அழியாப் பொருள் என்ற நம்பிக்கை விழுந்தது. ஒன்றாகச் சேர்ந்து நகரும் தொகுதி என்ற கருத்து மட்டும் நின்றுவிட்டது.

1900இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மோசஸ் கோம்பர்க், எதோடும் ஒட்டாமல் தனியே உலவும் ஒரு கார்பன் ராடிக்கலைக் கண்டார். இன்று பாடப்புத்தகம் தனி உறுப்பு என்று சொல்வது அதைத்தான். கூட்டாளி எலக்ட்ரானை இழந்து ஒற்றை எலக்ட்ரானோடு அலைகிற துணுக்கு. அதற்கு ஆயுள் பெரும்பாலும் நொடிக்கும் குறைவு, வேகம் அதிகம். நம் பென்சாயில் குடும்பத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1858இல் பிரோடி என்ற ஆங்கிலேயர் பென்சாயில் குளோரைடிலிருந்து பென்சாயில் பெராக்சைடு செய்தார். இரண்டு பென்சாயில்களுக்கு நடுவே இரண்டு ஆக்சிஜன். அந்த நடுப்பிணைப்பு பலவீனமானது. சூடு பட்டால் சரிபாதியாகப் பிளந்து இரண்டு தனி உறுப்புகளை விடும். பல் மருத்துவர் செயற்கைப் பல்செட் செய்யும் அக்ரிலிக் தூளில் அது இருக்கிறது. சூட்டில் பிளந்து, சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்கி வைக்கிறது. தாத்தா இட்லியை மெல்ல முடிகிறதென்றால் அதில் பென்சாயிலுக்கும் பங்கு உண்டு.

அதே பென்சாயில் பெராக்சைடு முகப்பருவுக்கான களிம்பாக இந்தக் கடைத்தெருவிலேயே கிடைக்கும். பருவை உண்டாக்கும் கிருமியை அது ஆக்சிஜனேற்றத்தால் கொல்கிறது. பட்டு நெய்யும் இந்த ஊரில் இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் களிம்பு சாயத்தை வெளுக்கும். தலையணை உறையில் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். களிம்பு பூசிய கையோடு புதுப் பட்டைத் தொடாதீர்கள், பிள்ளைகளே. மாதக்கணக்கில் நெய்த சேலையில் ஒரு விரல் திட்டு போதும்.

சாயம் என்ற பேச்சு வந்துவிட்டது. பென்சாயிலுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அசிட்டைல். வினிகரின் அமிலமான அசிட்டிக் அமிலத்திலிருந்து வருவது. 2 கார்பன், 3 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். பட்டு ஒரு புரதம். அமிலத் தொட்டியில் அது அமிலச் சாயங்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சாயக்காரர்கள் அசிட்டிக் அமிலம் ஊற்றுவது அதற்காக. ஆசிட் ரெட் 1 என்று உலகச் சாயப் பட்டியலில் எண் பெற்ற சிவப்பில், சாயத்தின் மூலக்கூறிலேயே ஓர் அசிட்டைல் கோத்திருக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரையிலும் அதே அசிட்டைல்தான். மாத்திரை உடம்புக்குள் போனதும், வலியைக் கிளப்பும் பொருளை உண்டாக்குகிற நொதியின் மேல் அந்த அசிட்டைல் தாவி ஒட்டிக்கொள்கிறது. நொதி முடங்குகிறது. தொகுதி முழுதாக இடம் மாறுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். அசிட்டைலின் கதை தனியே ஒரு மாலை பேச வேண்டியது. இங்கே அதை நிறுத்திவிட்டுப் பென்சாயிலுக்கே திரும்புவோம்.

தாய்மார்களே, கடையில் வாங்கிய ஊறுகாய்ப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 211 என்ற எண் இருக்கும். அது சோடியம் பென்சோயேட். பென்சாயிக் அமிலத்தின் உப்பு. பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளராமல் தடுக்கும். ஆனால் எல்லாப் பண்டத்திலும் தடுக்காது; புளிப்பு இருந்தால்தான் வேலை செய்யும். புளிப்பில் அந்த உப்பு மறுபடி பென்சாயிக் அமிலமாக மாறும், அமிலமாக மாறினால்தான் பூஞ்சையின் உடலுக்குள் நுழைய முடியும். எலுமிச்சை ஊறுகாய்க்கு அது பொருந்துகிறது, பாலுக்குப் பொருந்தாது. காரணம் அதுதான்.

சரி, சாப்பிட்ட பென்சோயேட் உடம்பில் என்ன ஆகிறது? இங்கேதான் கதை அழகாகிறது. 1829இலேயே லீபிக் குதிரையின் சிறுநீரிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து ஹிப்பூரிக் அமிலம் என்று பெயர் வைத்திருந்தார். ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. புல் தின்னும் மாட்டின் கோமியத்திலும் அது நிறைய உண்டு. அந்த அமிலம் என்ன? கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் தோளில் ஒரு பென்சாயில். 1841இல் அலெக்சாண்டர் யூர் என்ற மருத்துவர், பென்சாயிக் அமிலத்தை உண்டால் மனிதர் சிறுநீரிலும் ஹிப்பூரிக் அமிலம் வெளிவருவதைக் கண்டார். நம் கல்லீரல், வந்த பென்சாயிலைப் பிடித்துக் கிளைசினோடு முடிச்சுப் போட்டுச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடுகிறது. கீசன் மேசையில் குளோரினையும் அமினோவையும் மாற்றி மாற்றி ஒட்டிய அதே வேலையை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒவ்வொருவர் கல்லீரலும் ஊறுகாய் சாப்பிட்ட மதியமெல்லாம் செய்துகொண்டிருக்கிறது. அங்கேயும் அந்த ஏழும் ஐந்தும் ஒன்றும் கலைவதில்லை.

கிளைசினில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மாணவர்களே. பென்சாயில் வெளியே போகும்போது அந்த நைட்ரஜனையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. இதனால் யாருக்கு என்ன லாபம்?

சில குழந்தைகள் பிறக்கும்போதே, உடம்பின் கழிவு நைட்ரஜனை யூரியாவாக மாற்றும் நொதிகளில் ஒன்று இல்லாமல் பிறக்கின்றன. பிறந்து ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும். பால் குடிக்கக் குடிக்க, பாலின் புரதத்திலிருந்து வரும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் ஏறும். குழந்தை துவளும், பால் குடிக்க மறுக்கும், மயக்கத்தில் ஆழும். 1970களின் இறுதி வரை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவது மிகக் கடினமாக இருந்தது. 1979இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சால் புரூசிலோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வழியை முன்வைத்தார்கள். யூரியாவின் கதவு அடைத்திருந்தால் என்ன? வேறு கதவு திறந்திருக்கிறதே! அந்தக் குழந்தைக்குச் சோடியம் பென்சோயேட் கொடுப்போம். கல்லீரல் பென்சாயிலைக் கிளைசினோடு கட்டி அனுப்பும். ஒவ்வொரு பென்சாயிலும் ஒரு நைட்ரஜனைச் சுமந்துகொண்டு போகும். உடம்பு மறுபடி கிளைசின் செய்ய மிச்ச நைட்ரஜனைச் செலவழிக்கும். இரத்தத்தில் அம்மோனியா இறங்கும்.

அந்த மருத்துவம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1828இல் வோலர் குடுவையில் ஆக்கிய யூரியாவை ஒரு சிசுவின் உடம்பு ஆக்க முடியாமல் தவிக்கும்போது, அதே வோலர் 1832இல் துக்கத்தோடு உட்கார்ந்து பெயர் வைத்த தொகுதி துணைக்கு வருகிறது.

வீடு திரும்பியதும், தாய்மார்களே, அந்தச் சாம்பிராணி டப்பாவை ஒருமுறை திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே புகை காட்ட வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதையும் கேளுங்கள். தூபக்காலைக் கூடத்தில் வைத்து, மேலே ஒரு குளிர்ந்த தட்டைச் சற்று நேரம் கவிழ்த்துப் பிடித்து, பிறகு திருப்பிக் காட்டுங்கள். தட்டில் மெல்லிய வெள்ளைப் படிவு இருக்கும். அதற்குள் ஏழு கார்பன், ஐந்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஒன்றாகக் கோத்திருக்கின்றன என்று பிளஸ் டூ படிக்கிற அக்கா தம்பிக்குச் சொல்லட்டும்.